அரக்கனுக்குக் கண் திறந்த கதை

என் மனைவி வீட்டில் ஒரு சட்டம் வைத்திருக்கிறாள். நான் சாயம் பூசும் பொம்மை எதற்கும் வீட்டுக்குள் கண் வரையக்கூடாது. உடை, வாள், பல், நகம், வாயோரத்து ரத்தம் எல்லாம் என் விருப்பம். கண் மட்டும் வாசலுக்கு வெளியே.

பொம்மை என்றால் பிள்ளைகள் விளையாடும் பொம்மை இல்லை. மேசையில் பலகை விரித்து, பகடை உருட்டி, பெரியவர்கள் மணிக்கணக்கில் விளையாடும் ஒரு வகை ஆட்டம் இருக்கிறது. அதில் காய்களுக்குப் பதிலாகக் கட்டைவிரல் உயரத்தில் வீரர்கள், மந்திரவாதிகள், பூதங்கள் நிற்கும். பெட்டியைத் திறக்கும்போது எல்லாமே சாம்பல் நிற பிளாஸ்டிக். அவற்றுக்குச் சாயம் பூசுவது என் பொழுதுபோக்கு. ஆட்டம் எனக்குத் தெரியாது. விதிப்புத்தகம் ஆங்கிலத்தில் தலையணை கனத்துக்கு இருக்கிறது, நான் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்போடு நின்றவன். அதனால் யார் நல்லவன், யார் கெட்டவன் என்பதை முகத்தைப் பார்த்து நானே முடிவு செய்துகொள்வேன். ஒருமுறை ஒரு கிழ மந்திரவாதி சாந்தமாக இருக்கிறாரே என்று நெற்றியில் திருநீற்றுப் பட்டை போட்டுக் கொடுத்துவிட்டேன். அந்த ஆட்டத்திலேயே பெரிய கொலைகாரர் அவர்தான் என்று பிறகு சொன்னார்கள்.

பாயான் பாருவில் ஒரு தொழிற்சாலைக் கிடங்கில் சரக்குத் தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் வண்டி ஓட்டுகிறேன். யாரோடும் பேசாமல் செய்யக்கூடிய வேலை என்பதால் எனக்குப் பிடிக்கும். நாலு பேர் சேர்ந்து என்னைப் பார்த்தால் எனக்குக் காது சூடாகிவிடும், கை நடுங்கும். சொந்தக் கல்யாணத்தில் தாலி முடிச்சை என் அக்காதான் போட்டு முடித்தாள்.

சூலியா தெருவுக்குச் சாப்பிட வந்த ஒரு மத்தியானம் மழை பிடித்துக்கொண்டது. ஒதுங்கிய மாடிப்படி, இந்த ஆட்டங்களை விற்று, விளையாட மேசையும் போட்டிருக்கும் ஒரு கடைக்குப் போனது. அங்கே விளையாட வந்த ஒருவன் ஒற்றை மயிர் போன்ற தூரிகையால் ஒரு குள்ளனின் தாடிக்குச் சிவப்புப் பூசிக்கொண்டிருந்தான். மழை விட்ட பிறகும் நான் இறங்கவில்லை. கடைக்காரர் சீனர், முப்பது வயதிருக்கும். என்னிடம் மலாயில் பேசுவார், ஆனால் 'அண்ணே' என்றுதான் கூப்பிடுவார். அன்று ஒரு பூதத்தை என் கையில் கொடுத்து, வீட்டில் முயன்று பாருங்கள் என்றார்.

அந்தப் பூதத்தால்தான் சட்டம் வந்தது. பச்சைத் தோல், மஞ்சள் கண். அழகாக வந்திருந்ததால் சாப்பாட்டு மேசைக்கு எதிரே அலமாரித் தட்டில் வைத்தேன். அந்த வாரமே குளிர்சாதனப் பெட்டி கெட்டுப்போனது. என் மனைவி பூதத்தின் பின்னால் குனிந்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, அதன் பார்வை போகும் வழியை அளந்தாள். அது நேராகக் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் போய் முடிந்தது.

அவள் சுங்கை பாக்காப் என்ற சிற்றூரில் பிறந்தவள். அங்கே கோயில் புதுப்பித்தபோது, சிலைக்குக் கண் திறந்த சடங்குக்குப் போயிருக்கிறாள். திரை கட்டி, ஆளையெல்லாம் விலக்கி, கடைசியாகத்தான் கண் திறப்பார்களாம். திறந்ததும் அதன் முதல் பார்வை மனிதர் மேல் விழக்கூடாது என்று எதிரே கண்ணாடி பிடிப்பார்களாம். இது பிளாஸ்டிக், சாமி இல்லை என்று சொல்லிப் பார்த்தேன்.

"சாமியா இருந்தா பரவால்லயே. சாமிக்கே அவ்ளோ பார்க்கிறாங்க, பேய்க்கு எவ்ளோ பார்க்கணும்? கண்ணத் தொறந்துட்டா அதுக்குத் தினமும் சோறு வைக்கணும். நான் உங்களுக்கு வைக்கிறதே பெரிசு லா" என்றாள்.

அதன்பிறகு என் பூதங்கள் கண்ணாடி அலமாரியில் கண்ணில்லாமல் நின்றன. கண்ணோடு இருந்ததைவிட இது பயங்கரமாக இருந்தது. வீட்டுக்கு வந்த சொந்தக்காரர்கள் அலமாரிக்கு முதுகு காட்டி உட்கார்ந்தார்கள். கண் வரைவதற்கு நான் அடுக்குமாடியின் கீழே, என் காருக்குள் போவேன். நெற்றியில் விளக்கு கட்டிக்கொண்டு பின் இருக்கையில் குனிந்திருப்பேன். காவலாளி ஒருமுறை கார்க் கண்ணாடியைத் தட்டி, என்ன ஊசி போட்டுக்கொள்கிறாய் என்று கேட்டார். பூதத்தைக் காட்டினேன். அடுத்த நாளிலிருந்து அவர் என் காரைச் சுற்றிக்கொண்டு போனார்.

இப்படி ஓடிக்கொண்டிருந்தபோது கடைக்காரர் ஒரு மேசையைக் காட்டினார். ஜன்னலோரம், தெருவைப் பார்த்தபடி, நல்ல விளக்கு. சனிக்கிழமைகளில் அதை எனக்கே கொடுத்துவிடலாம் என்று யோசிப்பதாகச் சொன்னார். யாராவது அங்கே உட்கார்ந்து சாயம் பூசினால் பார்க்கிறவர்கள் மேலே ஏறி வருவார்களாம். எனக்கு அந்த மேசை மேல் ஆசை வந்துவிட்டது. வீட்டில் சாப்பாட்டு மேசையில் பூசுகிறேன். குழம்பு கொதித்ததும் எல்லாவற்றையும் தூக்கிவிட வேண்டும். ஒரு குதிரைவீரனின் கவசத்தில் இன்னும் ரசத்தின் நிறம் இருக்கிறது.

ஆனால் முதலில் ஒரு வேலை என்றார். அங்கே சனிக்கிழமை தோறும் விளையாடும் கூட்டம் ஒன்று உண்டு. அவர்கள் பல மாதங்களாக விளையாடிவந்த ஆட்டம் முடிவுக்கு வந்திருந்தது. கடைசிச் சண்டைக்கு அரக்கராஜன் பொம்மை வேண்டும். அதை நான் பூசிக் கொடுத்து, எல்லாருக்கும் பிடித்திருந்தால் மேசை எனக்கு.

அரக்கராஜன் உள்ளங்கை உயரம், விரித்த இறக்கை ஒரு முழத்துக்குக் குறையாது. உடம்பை முடித்துவிட்டுக் கண்ணுக்காகக் காருக்குள் கொண்டுபோனால், எப்படித் திருப்பினாலும் ஓர் இறக்கை இருக்கையில் முட்டியது. வெளியே வைத்துப் பூசலாம் என்றால் காற்றும் தூசியும். வேறு வழியில்லை, கடையில் வைத்துத்தான் திறக்க வேண்டும். சனிக்கிழமை நான் கிளம்பும்போது என் மனைவி பையில் ஒரு கைக்கண்ணாடியை வைத்தாள். முதல் பார்வை இதில்தான் விழவேண்டும், நீங்கள் பக்கவாட்டில் உட்காருங்கள் என்று இரண்டு முறை சொன்னாள்.

கடையில் எனக்காகக் காத்திருந்தார்கள். ஜன்னலோர மேசையில் அரக்கனை வைத்து, கருப்புச் சாயத்தைக் கலக்கி, தூரிகையை எடுத்தேன். நிமிர்ந்து பார்த்தால் சுற்றிலும் முகங்கள். காது சூடானது. தூரிகை நுனி தனியாக ஆட்டம் போட்டது. அப்போதுதான் என் வாழ்க்கையிலேயே முதல்முறையாக மனைவியின் சட்டம் எனக்கு உதவிக்கு வந்தது. கண் திறக்கும்போது யாரும் பார்க்கக்கூடாது, எங்கள் வழக்கம், திரை வேண்டும் என்று கடைக்காரரிடம் மெதுவாகச் சொன்னேன்.

ஒருவரும் சிரிக்கவில்லை. அதுதான் வம்பாகிப் போனது. கடைக்காரர் உள்ளே ஓடி, குளியலறைத் திரையைக் கழற்றிக்கொண்டு வந்தார். மஞ்சள் வாத்துகள் வரிசையாக நீந்தும் பிளாஸ்டிக் திரை. அதை இரண்டு அலமாரிகளுக்கு நடுவே கட்டினார்கள். அவர் எல்லாருக்கும் மரியாதையாக விளக்கம் சொன்னார். மற்ற மேசைகளில் விளையாடிக்கொண்டிருந்தவர்களும் பகடையை வைத்துவிட்டு வந்து நின்றார்கள். நான் ஆளை விலக்கத் திரை கேட்டேன், அது கடை முழுவதையும் கூட்டிவிட்டது. முன்பு பேச்சுச் சத்தமாவது இருந்தது. இப்போது அத்தனை பேரும் மூச்சை அடக்கிக்கொண்டு நிற்பது வாத்துகளின் ஊடே எனக்குக் கேட்டது.

கண்ணாடியை அரக்கனுக்கு நேர் எதிரே நிறுத்தினேன். பக்கவாட்டில் உட்கார்ந்தேன். பக்கவாட்டில் உட்கார்ந்து நேர்ப்பார்வை வரைவது எவ்வளவு கஷ்டம் என்று என் மனைவிக்குத் தெரியாது. இடது கண்ணில் கருவிழியை வைத்தேன். திரைக்கு அந்தப் பக்கம் யாரோ தும்ம, அந்தத் திடுக்கிடலில் வலது கண்ணிலும் வைத்துவிட்டேன். தள்ளிப் பார்த்தேன். அரக்கராஜனின் ஒரு கண் ஜன்னலைப் பார்த்தது, இன்னொன்று மாடிப்படியைப் பார்த்தது. நடுவிலிருந்த கண்ணாடியை இரண்டும் பார்க்கவில்லை.

மேசை போய்விட்டது என்றுதான் நினைத்தேன். அழித்துவிட்டு மறுபடி வரையலாம், சாயம் இன்னும் ஈரம்தான். ஆனால் திறந்த கண்ணை அழிக்கலாமா என்று எனக்குத் தெரியவில்லை. தொலைபேசியில் மனைவியைக் கூப்பிட்டு, வாயைப் பொத்திக்கொண்டு கேட்டேன்.

"தொறந்த கண்ண மூடுறதா? உங்களுக்கு யாராச்சும் அப்படிப் பண்ணா சும்மா இருப்பீங்களா? சரி, கண்ணாடியப் பார்த்துச்சா இல்லயா?"

"பார்க்கல. ஒன்னு இந்தப் பக்கம் போது, ஒன்னு அந்தப் பக்கம் போது."

அவள் சிரிப்பை அடக்குகிறாள் என்று எனக்குத் தெரியும்.

"மாறுகண்ணா? அப்ப ஒரு கண்ணாடி பத்தாது. இன்னொன்னு யாருகிட்டயாவது வாங்குங்க. கண்ணுக்கு ஒன்னா காட்டிட்டு அப்புறம் திரைய எடுங்க. நேரா யாரையும் பார்க்காத பேய்தானே, பயமில்ல லா."

திரைக்கு அடியில் கையை நீட்டி, இன்னொரு கண்ணாடி வேண்டும் என்று கேட்டேன். வெளியே கசகசவென்று பேச்சு. ஒரு பெண்ணின் முகப்பவுடர் டப்பா, மூடியில் கண்ணாடியோடு, என் கையில் வந்து விழுந்தது. ஜன்னல் கண்ணுக்குக் கைக்கண்ணாடி, மாடிப்படிக் கண்ணுக்குப் பவுடர் டப்பா. இரண்டையும் காட்டிவிட்டு, காய்ந்ததா என்று பார்த்துவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு திரையை நானே விலக்கினேன்.

எல்லாரும் குனிந்து பார்த்தார்கள். பிறகு ஜன்னல் பக்கம் நின்ற ஒருவன், அது தன்னையே பார்க்கிறது என்றான். மாடிப்படிப் பக்கம் நின்ற பெண், இல்லை, தன்னைத்தான் பார்க்கிறது என்றாள். இருவரும் இடம் மாறி நின்று பார்த்தார்கள். அப்போதும் அது இருவரையும் விடவில்லை. எந்தப் பக்கம் ஒளிந்தாலும் பார்த்துவிடுகிற அரக்கன், கடைசிச் சண்டைக்கு இதைவிட வேறு என்ன வேண்டும் என்று கூட்டமே பேச ஆரம்பித்தது. கடைக்காரர் என் பக்கம் திரும்பி, இதற்குத்தானே இரண்டு கண்ணாடி கேட்டீர்கள் என்று கேட்டார். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். காது சூடானது. இல்லை என்று விளக்க நிறையப் பேசவேண்டும். நான் தலையாட்டினேன்.

அன்றைய சண்டையில் அரக்கராஜன் அத்தனை வீரர்களையும் தின்றுவிட்டான் என்று சொன்னார்கள். அது பகடையின் வேலை, எனக்குச் சம்பந்தமில்லை.

மேசை இப்போது என்னுடையது. ஜன்னலையும் சேர்த்து மறைத்துவிட்ட வாத்துத் திரையைக் கழற்றக் கடைக்காரர் சம்மதிக்கவில்லை. ஜன்னலில் ஆள் தெரிந்தால் வருகிற கூட்டத்தைவிட, திரைக்குப் பின்னால் என்ன நடக்கிறது என்று கேட்டுக்கொண்டு மேலே ஏறும் கூட்டம் அதிகமாம். எனக்கும் வசதிதான். குளியலறைக்குத்தான் இன்னும் வேறு திரை வாங்கவில்லை. கடைக்கு வருகிறவர்கள் அதை என்னிடம்தான் குறை சொல்கிறார்கள், திரைக்கு வெளியே நின்றுகொண்டு.