பூட்டிய வாசலில் ஏற்றிய சூடம்

கலியபெருமாளுக்கு நாக்கு தடித்துப் பேச்சு குழற ஆரம்பித்தபோது நாங்கள் பச்சமலையின் மேலே இருந்தோம். பக்கத்தில் ரோடு இல்லை. ஆஸ்பத்திரி இல்லை. முகம் இருக்க வேண்டிய இடத்தில் அவனுக்கு ஒரு வீக்கம்தான் இருந்தது. அடுத்த மாதம் அவனுக்குக் கல்யாணம். பெண், என் தங்கை சரோஜா.

சிறுவாச்சூர் அம்மனின் அன்பர்களுக்கு இதைச் சொல்ல வேண்டும் என்று பல வருடங்களாக நினைத்துக்கொண்டிருந்தேன். நான் வருவாய்த் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். ஆதாரம் இல்லாமல் ஒரு வரி எழுதிப் பழக்கமில்லை. இதற்கு ஆதாரம் கேட்டால் ஆளைத்தான் காட்ட முடியும். குரும்பலூருக்குப் போனால் கலியபெருமாளைப் பார்க்கலாம். பேரன் பேத்தி எடுத்துவிட்டான்.

எழுபதுகளின் கடைசி அது. தை மாதம். பெரம்பலூர் தாலுகா ஆபீசில் நான் இளநிலை உதவியாளர். கலியபெருமாள் குரும்பலூரில் பம்புசெட் பழுது பார்க்கும் கடை வைத்திருந்தான். மூன்றாவது ஆள் செல்வராஜ், பள்ளிக்கூட வாத்தியார், கடவுள் இல்லை என்கிற கட்சி. கல்யாணத்துக்குப் பிறகு கலியபெருமாளை யாரும் வெளியே விடமாட்டார்கள், அதற்குள் மூன்று பேரும் நாலைந்து நாள் மலையில் தங்கிவிட்டு வரலாம் என்று கிளப்பிவிட்டவனும் செல்வராஜ்தான்.

வெள்ளிக்கிழமை அம்மனைக் கும்பிட்டுவிட்டு சனிக்கிழமை மலையேறுவது என்று முடிவு செய்தோம். அதற்கேற்ப விடுப்புக்கு எழுதிக் கொடுத்தேன். உத்தரவு வந்தது. விடுப்பு தரப்பட்டிருந்தது, ஆனால் செவ்வாய்க்கிழமையிலிருந்து. வேறொருவருக்குக் கொடுக்க வேண்டிய தேதியை எனக்கும், என்னுடையதை அவருக்கும் போட்டிருந்தார்கள். திருத்தம் கேட்டு எழுதலாம்தான். அந்தத் திருத்தம் மேசை மேசையாகப் போய்த் திரும்பி வருவதற்குள் சரோஜாவுக்குக் குழந்தையே பிறந்திருக்கும். செவ்வாய்க்கிழமையே கிளம்பினோம்.

சிறுவாச்சூர் கோயிலைப் பற்றித் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. அங்கே திங்கள், வெள்ளி இரண்டு கிழமைகளில்தான் நடை திறக்கும். மற்ற நாட்களில் அம்மன் மலைக்குப் போய்விடுகிறாள் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. செவ்வாய்க்கிழமை போனால் பூட்டைத்தான் பார்க்கலாம். எனக்கு அது நன்றாகத் தெரியும். ஆனால் மாப்பிள்ளை கேட்கவில்லை.

“மச்சான், ஒரு எட்டு போயிட்டு வந்துடலாம். சொல்லாமப் போனா மனசு கேக்காது.”

மலைக்கு எதிர்த் திசையில் பஸ் ஏறிப் போனோம். பூட்டியிருந்தது. கலியபெருமாள் சட்டைப் பையிலிருந்து சூடத்தை எடுத்து வாசலிலேயே வைத்துக் கொளுத்தினான். செல்வராஜ் சிரித்தான்.

“பூட்டுன கதவுக்கு சூடமாடா? உள்ள ஆளே இல்லங்கிறானுவ.”

“கதவுதாண்டா பூட்டியிருக்கு. அவளுக்குக் காதுமா பூட்டியிருக்கு?”

“மலைக்குல்ல போயிருக்கா?”

“நாமளும் மலைக்குத்தானே போறோம். அங்க வச்சுப் பாத்துக்கறோம், போடா.”

நடை திறக்காத நாளில் வைக்கும் வேண்டுதல் கணக்கில் சேருமா என்று யோசித்துக்கொண்டிருந்தேன். அப்போது என் பக்தி அந்த மாதிரி. எல்லாவற்றுக்கும் ஒரு முறை உண்டு, முறை தவறினால் மனு தள்ளுபடி.

திரும்பி வந்து வேறு பஸ் பிடித்து, லாடபுரத்தில் இறங்கி மலையேறினோம். லாரிக்காரர் ஒருவரிடம் இரவல் வாங்கிய தார்ப்பாய்தான் எங்கள் கூடாரம். அரிசி, பருப்பு, ஒரு அலுமினியச் சட்டி, போர்வைகள். அன்று இரவு ஒரு மேட்டில் தார்ப்பாயைக் கட்டித் தூங்கினோம். குளிர் எலும்பைத் தொட்டது. ஆனால் அவ்வளவு சந்தோஷமாகச் சிரித்த ராத்திரி எனக்கு வேறு நினைவில்லை. தார்ப்பாய் முழுவதும் வெங்காய வாடை. “கல்யாணப் பந்தலுக்கும் இதையே கட்டிடலாம் மச்சான், சமையல் செலவு மிச்சம்” என்றான் கலியபெருமாள்.

மறுநாள் புதன்கிழமை. உச்சிப்பொழுது வரை நடந்துவிட்டு ஒரு பெரிய பாறைக்கு அடியில் சமைக்க உட்கார்ந்தோம். நல்ல நிழல். காற்றும் அடிக்கவில்லை. விறகு ஈரமாக இருந்ததால் புகை மேலே மேலே போயிற்று. பாறையின் நெற்றியில் முறம் முறமாகத் தேனடைகள் தொங்குவதை நாங்கள் பார்க்கவில்லை. அண்ணாந்து பார்க்க யாருக்கும் தோன்றவில்லை. சட்டியில் பருப்பு கொதித்துக்கொண்டிருந்தது, மூன்று பேரின் கண்ணும் அதன் மேல்தான்.

முதலில் ஒரு இரைச்சல். லாரி வருகிறதோ என்று நினைத்தேன். பிறகு ஓடினோம். நானும் செல்வராஜும் புதருக்குள் விழுந்து போர்வையை இழுத்து மூடிக்கொண்டோம். சட்டிக்குப் பக்கத்தில் இருந்தவன் கலியபெருமாள்தான். ஓடத் தொடங்கியவன், பருப்பு தீய்ந்துவிடுமே என்று திரும்பிப் போய்ச் சட்டியை இறக்கி வைத்திருக்கிறான். அன்று சமையல் அவன் பொறுப்பு. மலைத்தேனீக்கள் அவனை மொய்த்துவிட்டன.

இரைச்சல் அடங்கி நாங்கள் போய்ப் பார்த்தபோது அவன் மண்ணில் உட்கார்ந்திருந்தான். கழுத்து, காது, கண் இமை, எங்கும் கொடுக்கு. வாந்தி எடுத்தான். மூச்சு விசில் மாதிரி வந்தது. ஏதோ சொன்னான். புரியவில்லை. மறுபடி சொன்னான்.

“சரோசாகிட்ட... சொல்லாத.”

நான் முதலுதவி வகுப்புக்குப் போய்ச் சான்றிதழ் வாங்கியவன். பாடம் எல்லாம் நினைவுக்கு வந்தது. கடைசி வரியும் வந்தது: நிலைமை கடுமையாக இருந்தால் தாமதமின்றி மருத்துவரிடம் கொண்டு செல்லவும். அதை எழுதியவர் பச்சமலைக்கு வந்ததில்லை.

எங்கள் கூச்சலைக் கேட்டு விறகு பொறுக்க வந்த ஒரு கணவனும் மனைவியும் ஓடி வந்தார்கள். மலைக்காரர்கள். அந்த அம்மாள் அவன் முகத்தைப் பார்த்ததும் வாயைப் பொத்திக்கொண்டார். செல்வராஜ் அவர்களிடம் டாக்டர் எங்கே இருப்பார் என்று கேட்டான்.

“டாக்குடரு ஜீப்பு எங்கூருக்கு வருமுங்க. ஆனா வெள்ளிக்கெழமதானுங்க வரும்.”

வெள்ளிக்கிழமை. அன்று புதன்.

அம்மனும் வெள்ளிக்கிழமை, டாக்டரும் வெள்ளிக்கிழமை. வாரம் முழுக்கச் சாகிற மனிதனுக்கு வாரத்தில் ஒரு நாள்தான் வைத்தியம். அரசாங்க ஜீப்பின் பயணத் திட்டம் எப்படிப் போடப்படுகிறது, எப்படி ஒப்புதல் பெறுகிறது, எப்படி ஒரு நாளும் மாறுவதில்லை என்பது எனக்கு மனப்பாடம். ஆகவே நம்பிக்கைக்கு இடமே இல்லை என்பதை அங்கிருந்தவர்களில் என்னைப் போல் தெளிவாக அறிந்தவர் யாருமில்லை.

இருந்தாலும் மண் ரோடு வரை தூக்கிப் போவோம், சந்தைச் சரக்கு ஏற்றும் வண்டி ஏதாவது வரலாம் என்று அந்த மனிதர் சொன்னார். தார்ப்பாயை ஒரு கம்பில் தூளி மாதிரிக் கட்டி அவனைப் படுக்க வைத்தோம். அவரும் செல்வராஜும் தூக்க, நானும் தோள் மாற்றிக்கொண்டேன். அந்த அம்மாள் முன்னால் கிளைகளை விலக்கிக்கொண்டே நடந்தார். பாதை இறங்கி ஏறி இறங்கியது. வழியில் விசில் சத்தம் நின்று நின்று வந்தது. அது நிற்கும்போதெல்லாம் நாங்களும் நின்றோம்.

நான் அழவில்லை. அழவும் வராது எனக்கு. மனசுக்குள் பேசினேன்.

தாயே, இன்று உன் நாள் இல்லை. நீ போகிற மலை உன் கோயிலுக்குப் பக்கத்தில் இருக்கிறது, இது வேறு மலை, உன் எல்லையில் வராது. எனக்கு இதெல்லாம் தெரியும். தெரிந்துதான் கேட்கிறேன். உன் வாசலில் நேற்று ஒருவன் சூடம் ஏற்றினானே, அவன்தான் இவன். நடை சாத்தியிருந்தாலும் உனக்குக் கேட்கும் என்று சொன்னான். அவன் சொன்னது சரியா, நான் நினைத்தது சரியா, நீயே சொல்லிவிடு. அவன் சொன்னதே சரியாக இருக்கட்டும். என் தங்கைக்காகக் கேட்கிறேன்.

வாழ்நாளில் நான் செய்த வேண்டுதல்களில் முறை இல்லாதது அது ஒன்றுதான்.

மண் ரோட்டை அடைந்தோம். வெறிச்சென்று கிடந்தது. தூளியை இறக்கி அவன் தலையை என் மடியில் வைத்துக்கொண்டேன். உதடு நீலம் பாய்ந்திருந்தது. செல்வராஜ் ரோட்டின் நடுவில் நின்று இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டிருந்தான். கொஞ்ச நேரத்தில் ஒரு சத்தம். மறுபடி தேனீயோ என்று எங்கள் இரண்டு பேருக்கும் உடம்பு தூக்கிப் போட்டது.

ஜீப்.

பின்னால் மருந்துப் பெட்டி. முன்னால் தொப்பி போட்ட டாக்டர். செல்வராஜ் கையை விரித்துக்கொண்டு ஜீப்பின் எதிரிலேயே ஓடினான். டிரைவர் அவனைத் திட்டிக்கொண்டே பிரேக் போட்டார். டாக்டர் இறங்கினார், பார்த்தார், கேள்வி எதுவும் கேட்கவில்லை. ஊசி போட்டார். நாடியைப் பிடித்துக்கொண்டு அப்படியே மண்ணில் உட்கார்ந்தார். இன்னொரு ஊசி போட்டார். விசில் மெல்ல மெல்லச் சாதாரண மூச்சாக மாறியது. பிறகுதான் வாயைத் திறந்தார்.

“மலைக்கு வந்தா மலைய பாக்கணும்யா. அடைக்குக் கீழ அடுப்பு வச்சிருக்கீங்க. படிச்சவங்கதானே?”

“மூணு பேரும் படிச்சவங்க சார்” என்றேன்.

“அதான பாத்தேன்.”

கலியபெருமாளையும் எங்களையும் ஜீப்பில் ஏற்றிக்கொண்டு துறையூர்ப் பக்கமாக இறங்கினார். அந்தக் கணவனும் மனைவியும் ரோட்டோரம் நின்று ஜீப் மறையும் வரை கையெடுத்துக் கும்பிட்டார்கள். கும்பிட வேண்டியவர்கள் நாங்கள். ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் படுக்கையில் இருந்தான். வெள்ளிக்கிழமை காலையில் கண்ணைத் திறக்க முடிந்தது. முதலில் கேட்டது, “பருப்பு என்னடா ஆச்சு?”

எனக்கு ஒரு விஷயம் தெரிந்தாக வேண்டியிருந்தது. டிரைவரிடம் கேட்டேன்: புதன்கிழமை எப்படி வந்தீர்கள்? அவர் அலுத்துக்கொண்டார். வெள்ளிக்கிழமை யாரோ பெரிய இடத்து ஆள் வருகிறாராம். அன்றைக்கு எல்லா ஜீப்பும் அங்கே நிற்க வேண்டுமாம். அதனால் மலைக்கு வரும் முறையை அந்த ஒரு வாரத்துக்கு மட்டும் புதனுக்கு முன்தள்ளிவிட்டார்கள். பெரிய மனிதர் ஒருவர் விஜயம் செய்ததால் ஒரு உயிர் பிழைத்ததை என் பணிக்காலத்தில் அதற்கு முன்னும் பார்க்கவில்லை, பின்னும் பார்க்கவில்லை.

செல்வராஜுக்கு ஒரே குஷி. “பாத்தியா? ஜீப்பு இல்லாத கஷ்டத்துக்கு தேதிய மாத்தியிருக்கானுவ. இதுல ஆத்தா எங்கடா வந்தா?”

நானும் அதைத்தான் யோசித்தேன். ஒரு ஆபீசில் என் விடுப்பைத் தப்பான தேதிக்குப் போட்டார்கள். இன்னொரு ஆபீசில் டாக்டரின் நாளை மாற்றினார்கள். இரண்டு ஆபீசுக்கும் ஒன்றையொன்று தெரியாது. இரண்டும் அந்த மண் ரோட்டில் ஒரே பொழுதில் வந்து சேர்ந்தன. ஒவ்வொன்றுக்கும் காரணம் இருக்கிறது, ஒத்துக்கொள்கிறேன். கோப்பை எடுத்தால் இரண்டையும் காட்டிவிடலாம். இரண்டும் ஏன் சேர்ந்தன என்பதற்குத்தான் எந்த ஆபீசிலும் கோப்பு இல்லை. எனக்குத் தெரிந்தவரை அதில் கையெழுத்துப் போட்டவள் ஒருத்திதான்.

மாசியில் கல்யாணம் நன்றாக நடந்தது. மாப்பிள்ளையின் இடது இமை மட்டும் லேசாகத் தடித்திருந்ததை போட்டோவில் இப்போதும் பார்க்கலாம். கல்யாணம் முடிந்த முதல் வெள்ளிக்கிழமை சரோஜாவும் அவனும் சிறுவாச்சூரில் மாவிடித்து மாவிளக்குப் போட்டார்கள். செல்வராஜும் வந்தான். சாமி கும்பிடவில்லை. மாவிளக்கு மட்டும் இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டான். இன்றைக்கும் வருஷா வருஷம் வருகிறான், அதே இரண்டு தடவை.

என்னிடம் மாறியது ஒன்றுதான். பிற்பாடு தாசில்தாராக இருந்தபோது எங்கள் ஆபீசில் மனு வாங்க ஒரு கிழமை உண்டு. அந்தக் கிழமையைத் தவிர்த்து வேறு கிழமையில்தான் ஜனங்கள் வருவார்கள். வெயிலில் பாடாலூரிலிருந்தும் வாலிகண்டபுரத்திலிருந்தும் வந்து வாசலில் தயங்கி நிற்பார்கள். “இன்னிக்கி கெழம இல்லீங்களாமே சார்” என்று அவர்களே சொல்லிக்கொண்டு திரும்பப் பார்ப்பார்கள். அவர்களை உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்தேன். என் தலைமை எழுத்தருக்கு அது பிடிக்கவில்லை. நடைமுறை கெட்டுவிடும் என்றார். அவர் சொன்னது சரிதான். நடைமுறை எனக்கும் தெரியும். பச்சமலை அவருக்குத் தெரியாது.

இதைப் படிக்கிறவர்களில் கஷ்டத்தில் இருப்பவர்கள் இருப்பீர்கள். உங்கள் கஷ்டம் கிழமை பார்த்து வந்திருக்காது. நீங்களும் கிழமை பார்க்க வேண்டாம். போகும்போது நடை சாத்தியிருந்தால் திரும்பிவிடாதீர்கள். வாசலில் சூடத்தை ஏற்றி வையுங்கள். சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டு வாருங்கள். கதவுதான் பூட்டியிருக்கிறது.