பூட்டிய குடிசையிலிருந்து வந்த பிள்ளை

அறுபத்து மூன்றாம் ஆண்டு மே மாதம் தாராவியில் எங்கள் சந்து எரிந்தது. என் இளைய மகள் உயிரோடு எனக்குக் கிடைத்தாள். ஆண்டவருக்கு ஸ்தோத்திரம். ஆனால் அவள் எப்படிக் கிடைத்தாள் என்பதை இதுவரை நான் எந்த ஜெபக் கூட்டத்திலும் முழுதாகச் சொன்னதில்லை. இன்று சொல்கிறேன்.

பம்பாயில் ஹோலி முடிந்ததிலிருந்து மழை விழும்வரை எங்களுக்குப் பயக்காலம். எல்லாம் சாக்கும் மூங்கில் தட்டியும் தார்த்தாளும் சேர்த்துக் கட்டிய குடிசைகள். மத்தியானம் கழிமுகத்திலிருந்து காற்று கிளம்பினால் ஒரு ஸ்டவ் கவிழ்ந்தாலே போதும். முந்தின கோடையில் பக்கத்துச் சந்து அப்படித்தான் போனது. அதனால் அந்த வருடம் நான் முன்கூட்டியே ஆயத்தமானேன். வாசலில் ஒரு டிரம் நிறையத் தண்ணீர் வைத்தேன். கூரையோரம் தொங்கிய சாக்குகளை அறுத்தெறிந்தேன். ரேஷன் கார்டையும் ஞானஸ்நானச் சீட்டுகளையும் ஒரு தகரப் பெட்டியில் போட்டேன். ஒன்பது வயது மூத்தவள் கிருபையை நிறுத்தித் தினமும் சொல்லிக் கொடுத்தேன்.

"தீன்னு சத்தம் கேட்டா என்ன செய்வே?"

"தங்கச்சி கையப் புடிச்சுக்கிட்டு தண்டவாளத்துப் பக்கம் ஓடுவேன். ஒண்ணையும் எடுக்க மாட்டேன்."

என் கணவருக்குத் தோல் பட்டறையில் வேலை. "ஜெபம் பண்ணுறவளுக்கு இவ்வளவு பயமா?" என்று சிரிப்பார். எனக்குள் கொஞ்சம் பெருமையும் இருந்தது. மற்றவர்கள் அசட்டையாக இருக்கிறார்கள், நான் விழிப்பாக இருக்கிறேன் என்ற பெருமை.

அடுத்த குடிசையில் இசக்கி. அவளும் எங்கள் திருநெல்வேலிச் சீமைதான். அவள் மகள் பேச்சிக்கு ஐந்து வயது. என் இளையவள் ஜெயமணிக்கு நான்கு. இரண்டும் எப்போதும் ஒன்றாகவே கிடக்கும்.

அன்று காலை பேச்சிக்குக் காய்ச்சல். இசக்கி குடத்தோடு என் வாசலில் வந்து நின்றாள்.

"யக்கா, ஒரு கொடம் தண்ணி தாங்க. பிள்ளைக்கு மேலு கொதிக்கு. துணி நனைச்சுப் போடணும்."

"டிரம்முல தொடாதட்டி. அது தீக்கு வச்சிருக்கது."

"தீ வந்தாத்தானக்கா? பிள்ள இப்பக் கெடக்கே."

"இன்னிக்கு ஒனக்குக் குடுத்தா நாளைக்குச் சந்தே வந்து நிக்கும். மத்தியானம் கொழாயில வரும், போய்ப் பிடி."

அவள் வெறுங்குடத்தோடு திரும்பினாள். மத்தியானம் குழாய்க்குப் போனாள். காய்ச்சல் வேகத்தில் பேச்சி எழுந்து தண்டவாளத்துக்குப் போய்விடுவாளோ என்று பயந்து, கதவைச் சங்கிலி போட்டுப் பூட்டிவிட்டுப் போனாள். அதற்குச் சற்று முன் ஜெயமணி உள்ளே நுழைந்து கட்டிலுக்கடியில் ஒளிந்து விளையாடியது அவளுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

முதலில் தீ, தீ என்று இந்தியில் "ஆக், ஆக்!" என்ற சத்தம். பிறகு புகை. நான் தகரப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். ஒன்றையும் எடுக்காதே என்று பிள்ளைக்குச் சொல்லிக் கொடுத்தவள் நான். தண்டவாளத்துப் பக்கம் கிருபை தனியாக நின்றாள்.

"தங்கச்சி எங்கட்டி?"

"காணலம்மா. தேடினேம்மா."

திரும்பி ஓடினேன். சந்தின் முனைக்கு மேல் என்னால் போக முடியவில்லை. வெக்கை முகத்தைப் பொசுக்கியது. அங்கேயே மண்ணில் விழுந்தேன். "ஆண்டவரே, என் பிள்ளையைக் கொடும். வேறே ஒன்றும் வேண்டாம். என் பிள்ளையை மட்டும் கொடும்." இதே வார்த்தைகளைத்தான் கதறினேன்.

அப்போது இசக்கி வந்தாள். இடுப்புக் குடத்தை அப்படியே தலையில் கவிழ்த்துக்கொண்டாள். என்னைத் தாண்டி உள்ளே போனாள். சங்கிலி பழுத்துக் கிடந்திருக்கிறது. அதை வெறுங்கையால் பிடித்து இழுத்துத் தட்டியோடு பிய்த்திருக்கிறாள். உள்ளே புகையில் கண் தெரியாது. கைக்குச் சிக்கிய பிள்ளையை ஈரச் சேலையில் சுருட்டிக்கொண்டு வெளியே வந்தாள்.

மண்ணில் கிடத்திச் சேலையை விலக்கினாள்.

ஜெயமணி.

இசக்கி ஒரு கணம் அவளைப் பார்த்தாள். திரும்பி ஓடினாள். அதற்குள் கூரை இறங்கிவிட்டது. நான்கு ஆண்கள் அவளைப் பிடித்துக்கொண்டார்கள். அவள் தன் அம்மனைப் பெயர் சொல்லி அழைத்தாள். நான் என் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு அதைக் கேட்டேன்.

தீ அணைந்த பிறகு பார்த்தால் என் டிரம் நிறையத் தண்ணீர் இருந்தது. ஒரு சொம்புகூட யாரும் எடுக்கவில்லை.

மறுநாள் நம் சபையார் வந்தார்கள். "கர்த்தர் உன் ஜெபத்தைக் கேட்டார்" என்று பாடித் துதித்தார்கள். பத்தடி தூரத்தில் இசக்கி உட்கார்ந்திருந்தாள். கையில் கட்டு. பாட்டு முடியும்வரை அவள் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். நானும் பாடினேன். அதுதான் நான் செய்த இரண்டாவது பாவம்.

அதன்பின் மூன்று மாதம் எனக்கு ஜெபம் வரவில்லை. முழங்கால் போட்டால் பேச்சியின் முகம் வரும். கடைசியில் ஒன்றே ஒன்று கேட்டேன்: "ஆண்டவரே, அவளிடம் போய் உண்மையைச் சொல்ல எனக்குப் பெலன் தாரும்." அந்த ஜெபத்துக்குத்தான் இன்று முக்கியமாகச் சாட்சி சொல்கிறேன். அவர் பெலன் தந்தார். மழையில் நனைந்துகொண்டே போனேன்.

"இசக்கி, அன்னிக்கு நான் தண்ணி தந்திருந்தா நீ கதவப் பூட்டிட்டுப் போயிருக்க மாட்ட."

அவள் விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டிப்போயிருந்தன. அந்தக் கையால்தான் அரிசி களைந்துகொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"எனக்குத் தெரியும்க்கா. அதச் சொல்ல ஒங்களுக்கு மூணு மாசமாச்சா?"

என்னை மன்னித்தேன் என்று அவள் சொல்லவில்லை. இன்றுவரை சொன்னதில்லை. நானும் கேட்கவில்லை. ஆனால் அடுத்த கோடை வருமுன் அவளே என் வாசலுக்கு வந்தாள். "வாங்கக்கா, வீடு வீடாப் போவோம்" என்றாள். போனோம். பிள்ளையை உள்ளே வைத்துப் பூட்டாதீர்கள் என்று அவள் சொல்வாள், கையைக் காட்டுவாள். பிறகு யாரும் எதிர்த்துப் பேச மாட்டார்கள். இப்போது சந்து முனையில் எல்லோருக்கும் பொதுவாக ஆறு டிரம் நிற்கிறது. யார் குழாய்க்குப் போனாலும் பக்கத்து வீட்டுக்காரி பிள்ளையைப் பார்த்துக்கொள்கிறாள்.

விசுவாசிகளே, நம் ஆண்டவர் கேட்கிறார். சந்தேகமே வேண்டாம், நம்பிக் கேளுங்கள். ஆனால் கேட்கிறபோது பக்கத்துக் குடிசையையும் சேர்த்துக் கேளுங்கள். ஜெயமணி இப்போது பள்ளிக்கூடம் போகிறாள். இசக்கியையும் அம்மா என்றுதான் கூப்பிடுகிறாள். அவள் அப்படிக் கூப்பிடும் ஒவ்வொரு தடவையும் இசக்கி பதில் சொல்ல ஒரு கணம் தாமதிக்கிறாள். அந்த ஒரு கணத்துக்காக ஜெபித்துக்கொள்ளுங்கள்.