லயனல் அண்ணை கட்டாத கட்டு

காயத்துக்குக் கட்டுப் போடுவதில் லயனல் அண்ணையை மிஞ்ச ஆள் இல்லை. திட்டுவதிலும் இல்லை. யாழ்ப்பாண நகரத்தில் ஒரு சிறிய தனியார் ஆஸ்பத்திரியின் மருந்து கட்டும் அறையில் அவரோடு வேலை செய்தேன். புண்ணில் கோப்பித்தூள் அப்பிக்கொண்டு வந்தவர்கள் அவர் வாயைக் கேட்டபின் கோப்பித்தூளை நினைக்கவே மாட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் அதே வாய்தான் பாடுகிறது என்பதை என்னால் நம்ப முடிந்ததில்லை. தான் போட்ட கட்டில் வேறு ஒருவரையும் கைவைக்க விடமாட்டார்.

எண்பத்தாறில் ஷெல் அதிர்ச்சியில் ஜன்னல் கண்ணாடி உடைந்து, சோனகத்தெரு சல்ஹா உம்மாவின் வலது உள்ளங்கை கிழிந்துபோனது. சட்டை தைத்துப் பிழைக்கும் கை. டாக்டர் தையல் போட்டார், அண்ணை கட்டினார். ஆனால் ஒவ்வொரு முறையும் கட்டு ஈரமாகவே வந்தது. சீழும் வைத்தது. இப்படியே போனால் விரல்கள் மடங்காமலே போகும் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

"தண்ணி படக்கூடாது எண்டு எத்தினை தரம் சொன்னனான்? உடுப்புத் தோய்க்கிறியளோ?" என்று அண்ணை சீறினார்.

"இல்லை ஐயா." சல்ஹா உம்மா கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டார்.

அன்று மத்தியானம் பின்பக்கக் குழாயடியில் அவரைக் கண்டேன். கட்டை அவிழ்த்துவிட்டு, பல்லைக் கடித்தபடி காயத்தின்மேல் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார்.

"தொழமுதல் முகம் கை கால் கழுவி ஒழுச் செய்யவேணும் பிள்ளை. கையிலை மயிரளவு நனையாட்டிலும் ஒழு சரிவராது. ஐயாட்டைச் சொல்லிப்போடாதை, தொழவேண்டாம் எண்டிடுவார்."

நான் சொல்லிவிட்டேன். கூரை பறக்கப்போகிறது என்று நினைத்தேன். அண்ணை கதிரையில் இருந்துவிட்டார்.

"தொழவேண்டாம் எண்டு சொல்ல நான் ஆர்? நான் என்ன சொன்னாலும் தேவாலயத்துக்குப் போற வேதக்காரன்ரை கதை எண்டுதான் நினைப்பா."

சாப்பாட்டுப் பெட்டியைத் திறக்காமலே சைக்கிளை எடுத்துக்கொண்டு போனார். திரும்பி வரும்போது பள்ளிவாசல் லெப்பை தொப்பியைப் பிடித்தபடி கரியரில் இருந்தார்.

லெப்பை காயத்தைப் பார்த்துவிட்டுச் சொன்னார். "கட்டை அவிழ்க்கவேண்டாம் மகள். தண்ணியாலை கெடுதல் எண்டால் மார்க்கத்திலை அதுக்கு இடமிருக்கு. வெளியிலை தெரியிற இடத்தைக் கழுவுங்கோ. கட்டுக்கு மேலாலை ஈரக்கையாலை தடவுங்கோ. பிறகு மண்ணிலை கை தட்டி, முகத்தையும் கையையும் தடவித் தயம்மும் செய்யுங்கோ."

"மண்ணோ?" அண்ணை எழும்பிவிட்டார். "இந்தக் காயத்திலை மண்ணோ?"

"சுத்தமான மண். அதையும் ஊதிப்போட்டுத்தான் தடவுறது. கட்டுக்குள்ளை போகாது."

"ஈரக்கை சொட்டவேணுமோ?"

"தேவையில்லை. ஆனால் ஒழு செய்த பிறகு கட்டுறது நல்லது." லெப்பை கொஞ்சம் தயங்கினார். "நீங்கள் கட்டினால் ஒழு முறிஞ்சு போம். அந்நிய ஆம்பிளையின்ரை கை படக்கூடாது."

அண்ணை தன் கைகளைப் பார்த்தார். பிறகு துணிச்சுருளை என் கையில் திணித்தார்.

"குணலட்சுமி, கட்டு. கோணலாய்க் கட்டினியோ தெரியும்."

அன்றிலிருந்து சல்ஹா உம்மாவுக்கு நான்தான் கட்டினேன். அவர் ஒழுச் செய்து வரும்வரை அண்ணை வரிசையை நிறுத்திவைப்பார். முணுமுணுத்தவர்களுக்கு நல்ல திட்டுக் கிடைத்தது. பிறகு கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, நான் சுற்றும் ஒவ்வொரு சுற்றுக்கும் என்னைத் திட்டுவார். அந்தத் திட்டில்தான் நான் கட்டுப் போடப் படித்தேன். அவரைப்போல ஒரு மனுசரை நான் கண்டதில்லை.

கட்டு உலர்ந்தே வரத் தொடங்கியது. சீழ் வற்றியது. தையல் பிரித்து, தண்ணீர் படலாம் என்று டாக்டர் சொன்ன அன்று, சல்ஹா உம்மா நேரே குழாயடிக்குப் போனார். நாங்கள் இருவரும் பின்னால் போனோம். முகம் கழுவினார். வலது கை, இடது கை என்று கழுவிவிட்டு, தலையைத் தடவக் கையை உயர்த்தினார்.

"தங்கச்சி," என்றார் அண்ணை, "இடது முழங்கை நனையேல்லை."

சல்ஹா உம்மா திருப்பிப் பார்த்தார். உண்மைதான். வலது கையைக் குழாயின்கீழ் நீட்டினார். விரல்கள் மெல்ல மடங்கிக் குவிந்தன. அள்ளிய தண்ணீரை முழங்கையில் விட்டார்.

அண்ணை முகத்தைத் திருப்பிக்கொண்டு, உள்ளே வரிசையில் நின்றவர்களைத் திட்டப் போனார்.