சீட்டில் எழுதாத பெயர்

காய்ந்த வாகை நெற்றின் கலகலப்பு எங்கேயாவது காதில் விழுந்துவிட்டால் எனக்கு அன்று எந்தக் கிழமையானாலும் ஞாயிற்றுக்கிழமை ஆகிவிடும். பாளையங்கோட்டையில் எங்கள் கோயில் வாசலுக்கு எதிரே ஒரு பெரிய வாகை மரம் நின்றது. தேவாலயத்தை நாங்கள் கோயில் என்றுதான் சொல்லுவோம். அந்த மரத்தின் கவட்டில் குழாய் ஒலிபெருக்கி ஒன்றைக் கட்டியிருந்தார்கள். அதற்குச் சற்றுத் தள்ளிக் கிடந்த கல்பலகையில், ஆராதனை முடியும்வரை என் அம்மாவும் அக்கா ஞானசெல்வியும் உட்கார்ந்திருப்பார்கள். அக்கா கையில் எப்போதும் நான்கைந்து நெற்றுகள் இருக்கும்.

அவளுக்கு அப்போது பதின்மூன்று வயது, எனக்குப் பத்து. அவள் பேசமாட்டாள், முகத்தைப் பார்க்கமாட்டாள், பிறர் கை பட்டால் உடம்பைச் சுருக்கிக்கொள்வாள். நெற்றை ஆட்டிக்கொண்டிருந்தால் அமைதியாக இருப்பாள். ஆட்டிசம் என்ற சொல்லை நான் கேள்விப்பட்டது அதற்கு இருபது வருடம் கழித்துத்தான். எங்கள் சபையில் அவளைச் 'சுகமில்லாத பிள்ளை' என்றார்கள். அப்படிச் சொல்லும்போது குரலைத் தணித்துக்கொள்ளும் அளவுக்கு நல்லவர்களாகவும் இருந்தார்கள்.

பிரசங்க நேரத்தில் நெற்றுச் சத்தம் இடைஞ்சலாக இருந்ததால்தான் அவள் வெளியே போக நேர்ந்தது. அதைச் சொன்னவர் வண்ணார்பேட்டையில் கருப்பட்டிக் கடை வைத்திருந்த, சபைக் கமிட்டியில் இருந்த அண்ணாச்சி. "பிள்ளய வெளியவே வச்சுக்கிடுங்கம்மா. அங்கன நல்லா காத்து வருது பாருங்க," என்றார் அம்மாவிடம். வாராவாரம் ஒரு துண்டு உடன்குடிக் கருப்பட்டியைக் காகிதத்தில் மடித்து அக்காவுக்குக் கொடுப்பார். அந்த மனுஷனை வெறுக்கவும் முடியாது, மன்னிக்கவும் முடியாது.

அம்மாவும் அவளோடு வெளியே போனாள். திருவிருந்து நாட்களில் எல்லாரும் அப்பமும் ரசமும் வாங்க வரிசையாகப் போய் முழங்காலிட, அம்மா மட்டும் கல்பலகையில் இருந்தபடியே முக்காட்டை இழுத்துவிட்டுக் குனிந்துகொள்வாள்.

அப்பாவுக்குக் கோர்ட்டில் குமாஸ்தா வேலை. எதையும் மனுவாக எழுதிக் கொடுத்தால்தான் அவருக்கு நிம்மதி. சனிக்கிழமை சாயங்காலம் அவர் சொல்லச்சொல்ல, கையெழுத்து நன்றாயிருந்த ஒரே காரணத்தால் நான் ஒரு விண்ணப்பச் சீட்டு எழுதுவேன்: 'சுகவீனமாயிருக்கும் ஞானசெல்வி பூரண சுகம் பெற.' மறுநாள் காலை மணியடித்துக் கதவு திறக்கும் கோயில்குட்டியாரிடம் அதைக் கொடுத்தால், பொதுஜெபத்தில் ஐயர், அதாவது எங்கள் போதகர், அதை வாசிப்பார். சபையே முழங்காலிட்டு, கண்களை மூடி, அவளுக்காக மன்றாடும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்படி எல்லாரும் கண்ணை மூடியிருந்தபோது நடுப்பாதையில் நெற்றுச் சத்தம் கேட்டது. நான் கண்ணைத் திறந்தேன். அக்கா வெறுங்காலோடு நேராகப் பீடத்தை நோக்கிப் போய்க்கொண்டிருந்தாள். குழாயில் தன் பெயரைக் கேட்டவள் எழுந்து வந்துவிட்டாள். அவ்வளவுதான் நடந்தது. கமிட்டிக்காரர்கள் இரண்டு பேர் அவள் கையைப் பிடித்து வெளியே இழுத்துக்கொண்டு போனார்கள். நெற்றுகள் தரையில் சிதறின. அவள் தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. ஐயர் கண்ணைத் திறக்கவேயில்லை. அவளுக்குச் சுகம் தரும்படி இன்னும் உருக்கமாக வேண்டிக்கொண்டிருந்தார்.

ஆராதனை முடிந்ததும் வந்து நின்ற அண்ணாச்சியிடம் அம்மா கேட்டாள்: "பேரச் சொல்லிக் கூப்பிடுதிய, அவ வாரா. இதுல என்ன தப்பு அண்ணாச்சி?" அவர் கருப்பட்டிப் பொட்டலத்தைக் கல்பலகையில் வைத்துவிட்டுப் போனார்.

அடுத்த இரண்டு வாரமும் அதே கதை. பள்ளிக்கூடத்தில் என் வகுப்புப் பிள்ளைகள் பென்சில் பெட்டியைக் காதோரம் ஆட்டிக்கொண்டு என் பின்னால் நடந்தார்கள். எனக்குச் செத்துப்போகலாம் போலிருந்தது. அந்தச் சனிக்கிழமை அப்பா வழக்கம்போல் சொல்ல, நான் வேறாக எழுதினேன்: 'சுகவீனமாயிருக்கும் ஒரு சகோதரி பூரண சுகம் பெற.' அப்பா வாங்கிப் பார்க்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஐயர் பல சீட்டுகளுக்கு நடுவே அதை அப்படியே வாசித்தார்; கண்ணை மூடியிருந்த அப்பாகூடக் கவனிக்கவில்லை. அக்கா வரவில்லை.

பிறகு ஒருபோதும் வரவில்லை. ஒரு மாதம் கழிந்ததும் அண்ணாச்சி அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "பிள்ள இப்பம் எவ்வளவு அமைதியா இருக்கு பாத்தியளா? ஆண்டவர் நம்ம ஜெபத்தக் கேட்டுட்டாரு வே," என்றார். அப்பா கண் கலங்கி ஸ்தோத்திரம் சொன்னார். நான் பக்கத்தில்தான் நின்றேன்.

அம்மாவுக்கு மட்டும் தெரிந்துவிட்டது. குழாய்க்குப் பக்கத்தில் இருந்தவள் அல்லவா. வீட்டுக்கு வரும் வழியில், "ஏட்டி, சீட்டு நீதான எழுதுன?" என்றாள். "ஆமாம்மா" என்றேன். அதற்கு மேல் அவள் ஒன்றும் கேட்கவில்லை. சாகும்வரைக்கும் கேட்கவில்லை.

அன்றைக்குப் பிறகு நான் கோயிலுக்குள் ஜன்னலோரமாக உட்கார ஆரம்பித்தேன். அங்கிருந்து பார்த்தால் கல்பலகை தெரியும். பொதுஜெபம் தொடங்கியதும் அக்கா நெற்றை ஆட்டுவதை நிறுத்திவிடுவாள். தலையைச் சாய்த்துக் குழாயைப் பார்ப்பாள். ஒவ்வொரு பெயராக வரும், போகும். ஐயர் ஆமென் சொன்ன பிறகு, பைய மறுபடியும் நெற்றை ஆட்டத் தொடங்குவாள். இதை எத்தனை வருடம் பார்த்தேன்! ஒரு சனிக்கிழமையாவது பெயரைத் திரும்ப எழுதியிருக்கலாம். எழுதவில்லை. பெரியவளான பிறகும் எழுதவில்லை. அவளை வெளியே உட்கார வைத்தது சபை என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன், அதுவும் பொய்யில்லை. வர வழி தெரிந்துகொண்டவளை நிறுத்தியது நான்.

அக்காவுக்கு இப்போது நாற்பத்தெட்டு. அப்பா, அம்மா இரண்டு பேரும் போன பிறகு என்னோடுதான் இருக்கிறாள். போன மாதம், புதிதாக வந்திருக்கும் இளம் ஐயர் வீட்டுக்கே வந்து அவளைக் கோயிலுக்கு அழைத்தார். இப்போது அங்கே படிக்குப் பக்கத்தில் சறுக்குப்பாதை இருக்கிறது. அவளைப் போன்றவர்கள் குடும்பத்தோடு உட்கார, உள்ளே டிவி வைத்த கண்ணாடி அறை இருக்கிறது. கூட்டிப்போனேன். அவள் அறைப் பக்கம் திரும்பவில்லை. வாகை மரத்தை வெட்டிக் கார் நிறுத்தும் இடமாக்கிவிட்டார்கள், குழாயும் போய்விட்டது. அவள் நேராகப் போய் இரண்டு கார்களுக்கு நடுவே, கல்பலகை கிடந்த இடத்தில் நின்றாள். ஏசி போட்டுக் கதவைச் சாத்தியிருந்ததால் வெளியே ஒன்றும் கேட்கவில்லை. ஆனாலும் கொஞ்ச நேரத்தில் தலையைச் சாய்த்து, மரம் இருந்த திசையில் மேலே பார்த்தாள். என்னால் அங்கே நிற்க முடியவில்லை.

நேற்று ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தனுப்பினேன். இன்று ஐயர் போனில் கூப்பிட்டார். "அக்கா, ஞானசெல்வின்னு பேரு மட்டும் எழுதியிருக்கிய. என்ன விண்ணப்பம்னு இல்லையே?"

"விண்ணப்பம் ஒண்ணும் இல்லங்கய்யா. அவளுக்கு ஒரு சுகவீனமும் இல்ல. கதவத் தொறந்து வச்சிட்டு, பேர மட்டும் சத்தமா வாசிங்க."

அவர் சரி என்றார்.

ஞாயிற்றுக்கிழமைக்கு இன்னும் இரண்டு நாள் இருக்கிறது. எனக்குப் பயமாக இருக்கிறது. அவள் வந்துவிட்டால் யார் எப்படிப் பார்ப்பார்களோ என்பதல்ல பயம். முப்பத்தைந்து வருடம் கோயிலில் கூப்பிடாமல் விட்ட பெயர் தன்னைத்தான் அழைக்கிறது என்று அவளுக்கு இன்னும் நினைவிருக்க வேண்டுமே என்பதுதான்.