டாக்டரிடம் நான் சொல்லாத மருந்து

தொண்ணூறுகளின் கடைசியில், ஒரு ஏப்ரல் மாதம், பெங்களூர் விவேக் நகரில் நடந்தது இது. அப்போது நான் அங்கே ஒரு மெடிக்கல் ஷாப்பில் வேலை செய்துகொண்டிருந்தேன். பத்து வருட சர்வீஸ். படிப்பு என்னவோ பி.யு.சி. ஃபெயில்தான். ஆனால் எப்பேர்ப்பட்ட டாக்டரின் கிறுக்கலையும் படித்துவிடுவேன். அட்டையிலிருந்து பிரித்த மாத்திரையை உள்ளங்கையில் வைத்துக் காட்டினால் நிறத்தைப் பார்த்தே எதற்கென்று சொல்வேன். அக்கம்பக்கத்தில் பாதிப் பேருக்கு என் பெயர் தெரியாது. 'மெடிக்கல் அக்கா' என்றால்தான் தெரியும். வியாழக்கிழமை சர்ச்சில் நடக்கும் நவநாள் ஜெபக் கூட்டத்தில் யாராவது மயங்கி விழுந்தால்கூட என்னைத்தான் கூப்பிட ஓடி வருவார்கள். சளி, காய்ச்சல், வயிற்றுப்போக்குக்கெல்லாம் நானே எடுத்துக் கொடுப்பேன். கைராசிக்காரி என்று பேர். அந்தப் பேர் எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. அதை மறைத்து என்ன ஆகப்போகிறது?

என் கணவருக்கு பீன்யாவில் ஒரு ஃபவுண்டரியில் வேலை. இரும்பை உருக்கி ஊற்றுகிற இடம். காலையில் கிளம்பி மெஜஸ்டிக்கில் பஸ் மாறிப் போவார். உலைச் சூட்டில் நாள் முழுக்க நின்றுவிட்டு, சட்டையில் உப்புப் பூத்துத் திரும்புவார். அதிகம் பேசமாட்டார். பேசினால் என்னைச் சீண்டுவதற்காக இருக்கும். 'எங்க வீட்டு டாக்டரம்மா' என்று எல்லோரிடமும் அறிமுகம் செய்வார். எனக்கு உள்ளுக்குள் பெருமை பிடிபடாது. எங்களுக்கு ஒரே மகள். அப்போது ஒன்பதாம் வகுப்பு.

அதற்கு முந்தின வருடம் அவருக்கு பிரஷர் என்று சொல்லி, நீர் பிரியும் மாத்திரை கொடுத்திருந்தார்கள். அந்தச் சமயம் ஒரு கல்யாணச் சாப்பாடு ஒத்துக்கொள்ளாமல் நான்கு நாள் வயிறு போனது. ஐந்தாம் நாள் பஸ்ஸிலிருந்து இறங்கியவர், கால் துவண்டு பிளாட்பாரத்திலேயே உட்கார்ந்துவிட்டார். ரத்தம் எடுத்துப் பார்த்த டாக்டர், பொட்டாசியம் குறைந்துபோயிருக்கிறது என்றார். ஒரு சிரப் எழுதினார். பத்து நாள், அப்புறம் மறுபடி ரத்தம் எடுத்துப் பார்க்கணும் என்றார். மூன்றாம் நாளே மனிதர் எழுந்து நடந்தார். நல்லாகிவிட்டவரை எதற்கு மறுபடி ஊசியால் குத்துவது என்று நாங்கள் போகவில்லை. அந்தச் சீட்டை மட்டும் நான் பத்திரமாக மடித்து வைத்துக்கொண்டேன்.

அடுத்த ஜனவரியில் அவருக்குத் திரும்பவும் அசதி ஆரம்பித்தது. மாடிப்படி ஏறினால் தொடை கனக்கிறது என்றார். இதற்கு நடுவில் இரண்டு விஷயம் நடந்திருந்தது. பிரஷருக்கு வேறொரு டாக்டரிடம் மாறியிருந்தோம், அவர் பழைய மாத்திரையை நிறுத்திப் புதிதாக ஒன்று கொடுத்திருந்தார். அப்புறம் முட்டி வலிக்கு நான் கடையிலிருந்து வலி மாத்திரை கொண்டுவந்து தினமும் கொடுத்துக்கொண்டிருந்தேன். இதெல்லாம் என் கண் முன்னால்தான் நடந்தது. ஆனால் கால் அசதி என்றதும் என் புத்தி நேராக அந்த சிரப்புக்குத்தான் போனது. போன தடவை இதேதான், இதற்கு இதுதான் மருந்து. முடிந்தது கதை.

கடை முதலாளி, "சீட்டு இருக்காம்மா?" என்று கேட்டார். பழைய சீட்டைக் காட்டினேன். அவரும் தலையாட்டிவிட்டார். ஒருமுறை எழுதின சீட்டை வருடக்கணக்கில் காட்டி மருந்து வாங்குவது எங்கள் கவுன்ட்டரில் தினசரி வழக்கம். மடிப்பு கிழிந்து, செலோடேப் ஒட்டின சீட்டோடு வருபவர்களுக்கு நானே எத்தனை முறை எடுத்துக் கொடுத்திருக்கிறேன். டாக்டர் பத்து நாள் என்று எழுதின இடத்தை யாரும் படிப்பதில்லை. நானும் படிக்கவில்லை.

அந்த சிரப்பின் ருசி கண்ணராவியாக இருக்கும். தண்ணீரில் கலந்து கொடுத்தாலும் உப்பும் கரிப்புமாகத் தொண்டையில் இறங்காது. அவர் மூக்கைப் பிடித்துக்கொண்டு குடிப்பார். முதல் வாரம் கொஞ்சம் தெம்பாக இருக்கிறது என்றார். எனக்காகச் சொன்னாரோ என்னவோ. பிப்ரவரியில் விரல் நுனியிலும் உதட்டைச் சுற்றியும் எறும்பு ஊறுவது போல் இருக்கிறது என்றார். சாப்பாட்டைக் கண்டால் குமட்டியது. நெஞ்சு சில சமயம் ஒரு அடி விட்டு அடிக்கிறது என்றார். நான் என்ன செய்தேன்? சிரப்பை ஒரு ஸ்பூனிலிருந்து இரண்டு ஸ்பூனாக்கினேன். கூடவே தினம் சாயங்காலம் ஒரு எளநீர். பொட்டாசியம் அதிகமானாலும் கால் துவளும் என்பது எனக்குத் தெரியாது. குறைந்தால் துவளும் என்பது மட்டும் தெரியும். அந்தப் பாதி அறிவை வைத்துக்கொண்டு நான் ஒரு மனிதருக்கு வைத்தியம் பார்த்தேன்.

டாக்டரிடமே போகவில்லை என்று நினைக்காதீர்கள். இரண்டரை மாதத்தில் மூன்று பேரிடம் போனோம். ஒருவர் சத்துக் குறைவு என்று ஊசி போட்டார். ஒருவர் கேஸ் என்றார். மூன்றாமவர் மனக்கவலை ஏதாவது உண்டா, ஃபேக்டரியில் பிரச்சினையா என்று விசாரித்தார். மூவருமே என்ன மருந்து சாப்பிடுகிறார் என்று கேட்டார்கள். பிரஷர் மாத்திரையைச் சொன்னேன். சிரப்பைச் சொல்லவில்லை. ஒரு டாக்டரிடம் போகும்போது இன்னொரு டாக்டரின் சீட்டை மறைத்துவிடுவது நம் ஆட்களின் பழக்கம். அங்கே போனவங்க இங்கே எதுக்கு வந்தீங்க என்று கத்துவார்களே என்ற பயம். என் விஷயத்தில் பயம் மட்டும் இல்லை, வீம்பும்தான். கண்டுபிடியுங்கள் பார்க்கலாம் என்று உள்ளுக்குள் ஒரு திமிர் இருந்தது.

ஏப்ரலில் அந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அவர் சர்ச் பூசைக்கு வரவில்லை. கால் எழவே இல்லை, நீங்க போயிட்டு வாங்க என்றார். நானும் மகளும் திரும்பி வந்தபோது கட்டில் விளிம்பில் உட்கார்ந்திருந்தார். முகம் வெளுத்து, நெற்றியெல்லாம் வேர்வை. எழுந்து நிற்கச் சொன்னேன், முடியவில்லை. ஒரு கையால் இன்னொரு கையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார். நான் நேராகப் போய் சிரப்பை எடுத்து, ஒரு டம்ளரில் இரண்டு ஸ்பூனுக்கு மேலேயே ஊற்றிக் கொண்டுவந்தேன்.

"வேணாமே," என்றார். "நாக்கெல்லாம் மரத்துப்போன மாரி இருக்குது. இது குடிச்சாதான் அதிகமாவுதோன்னு தோணுது."

"சின்னக் கொயந்தையாட்டம் பண்ணாதீங்க. குடிச்சாதான் எழுந்து நடப்பீங்க. எனக்குத் தெரியாதா?"

அவர் என்னைப் பார்த்தார். பிறகு வாங்கிக் குடித்தார். மிச்சம் வைக்காமல் குடித்தார்.

கொஞ்ச நேரத்தில் நாடி பிடித்துப் பார்த்தேன். அது அடித்த லட்சணத்தைப் பார்த்து வாசலுக்கு ஓடிப்போய் ஆட்களைக் கூப்பிட்டேன். பக்கத்து வீட்டுக்காரர் ஆட்டோ கொண்டுவந்தார். இரண்டு பேர் தூக்கி உட்காரவைத்தார்கள். ஒரு நர்சிங் ஹோமுக்குப் போனோம். ஞாயிற்றுக்கிழமை என்பதால் பெரிய டாக்டர் இல்லை, ஒரு சின்ன வயது லேடி டாக்டர் டியூட்டியில் இருந்தார். படுக்கவைத்து ஈ.சி.ஜி. எடுத்தார். பேப்பரைப் பார்த்ததும் அந்தப் பெண்ணின் முகம் மாறியது. ஹார்ட்தான் என்று நர்சிடம் சொல்லிவிட்டு என்னிடம் திரும்பி, "ஏனேனு மாத்ரெ தகோத்தாரெ?" என்றார். என்னென்ன மாத்திரை எடுக்கிறார் என்று கேட்கிறார். எனக்குக் கன்னடம் நன்றாகவே வரும். பிரஷர் மாத்திரையின் பெயர், அளவு, எத்தனை வேளை, எல்லாம் ஒரு கடைக்காரியின் மிடுக்கோடு சொன்னேன். முட்டி வலி மாத்திரையையும் சொன்னேன்.

வேறு ஏதாவது உண்டா, டானிக், நாட்டு மருந்து, எதுவானாலும் சொல்லுங்கள் என்று அவர் இரண்டாவது முறை கேட்டார்.

"வேற ஒண்ணும் இல்ல டாக்டர்," என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று இத்தனை வருடமாக என்னையே கேட்டுக்கொண்டிருக்கிறேன். பழைய சீட்டை வைத்து எடுத்துக் கொடுத்தது தெரிந்தால் முதலாளிக்குப் பிரச்சினை வரும் என்று நினைத்தேன். என் வேலை போய்விடும் என்று நினைத்தேன். இதெல்லாம் உண்மைதான். ஆனால் அதற்கெல்லாம் முன்னால், அந்தச் சின்னப் பெண் 'யாரைக் கேட்டுக் கொடுத்தீங்க?' என்று கேட்டால் எனக்குச் சொல்ல ஒரு பதில் இல்லை. அந்த அவமானத்துக்குப் பயந்து பொய் சொன்னேன். என் கணவர் அங்கே மூன்றடி தூரத்தில் மூச்சுக்குத் திணறிக்கொண்டு படுத்திருந்தார்.

டாக்டர் பெரிய டாக்டருக்கு போன் போடப் போனார். என் மகள் சுவரோரமாக நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் சொல்வேன் சொல்வேன் என்று காத்திருக்கிறாள் என்று எனக்குத் தெரிந்தது. நான் அவள் பக்கம் திரும்பவில்லை. ஒரு பத்து நிமிடம் போயிருக்கும். டாக்டர் திரும்பி வந்ததும் அவள் நேராகப் போய் நின்றாள்.

"டாக்டர், அம்ம ஒந்து சிரப் கொட்தாயித்ரு," என்றாள். அம்மா ஒரு சிரப் கொடுத்துக்கொண்டிருந்தார்கள் என்று சொல்லிவிட்டாள். பாட்டிலில் எழுதியிருந்த பெயரை எழுத்துக் கூட்டிச் சொன்னாள். மூன்று வேளை என்றாள். இன்று காலையும் என்றாள்.

அந்த டாக்டர் என் பக்கம் திரும்பினார். திட்டவில்லை. அதற்கு நேரம் இல்லை. ஈ.சி.ஜி. பேப்பரை மறுபடி ஒருமுறை பிரித்துப் பார்த்துவிட்டு, நர்சைப் பார்த்து ஏதோ ஊசியின் பெயரைச் சொல்லிக் கத்தினார். எங்களை வெளியே போகச் சொன்னார்கள். கதவு இடுக்கில் என் கணவரின் பாதம் மட்டும் தெரிந்தது. ஒருமுறை இதயம் நின்று, திரும்ப வரவைத்தார்கள். இரண்டாவது முறை வரவில்லை. மத்தியானம் ஆவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. ரத்த ரிப்போர்ட் அதற்கு அப்புறம்தான் வந்தது.

அதற்குள் வந்து சேர்ந்திருந்த பெரிய டாக்டர் எனக்குப் பொறுமையாக விளக்கினார். புது பிரஷர் மாத்திரை பொட்டாசியத்தை உடம்பிலேயே தேக்கும். வலி மாத்திரை கிட்னியைக் கெடுத்திருக்கலாம். அதன்மேல் தினம் மூன்று வேளை சிரப், எளநீர் வேறு. எதிரி கொடுத்தால் விஷம் என்போம், நான் பாசத்தோடு அளந்து கொடுத்திருக்கிறேன். அவ்வளவுதான் வித்தியாசம். வெளியே வரும்போது அந்த டியூட்டி டாக்டரிடம் கேட்டேன், நான் முதலிலேயே சொல்லியிருந்தால் பிழைத்திருப்பாரா என்று. அந்தப் பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "கொத்தில்லம்மா," என்றார். தெரியவில்லையாம். இல்லை, பிழைத்திருக்க மாட்டார் என்று ஒரு பொய் சொல்லியிருக்கலாம். அந்தப் பெண்ணுக்குப் பொய் சொல்ல வரவில்லை.

சொந்தக்காரர்களுக்கு ஹார்ட் அட்டாக் என்று சொன்னோம். யாரும் எதுவும் கேட்கவில்லை. துக்கத்துக்கு வந்தவர்கள் எல்லோரும் ஒரே வார்த்தைதான் சொன்னார்கள். இந்த மனுஷனை அவ தாங்கு தாங்குன்னு தாங்கினா, வேளை தவறாம மருந்து கொடுத்தா, ஆண்டவர் எடுத்துக்கிட்டார். நான் தலைகுனிந்து கேட்டுக்கொண்டேன். பிணத்தின் தலைமாட்டில் உட்கார்ந்து அந்தப் புகழை வாங்கிக்கொண்டேன். பிறகு ஒருநாள் பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். வேண்டுமென்று செய்யவில்லையே, ஆண்டவர் மன்னித்துவிட்டார் என்றார். வீட்டுக்கு வந்தேன். ஒன்றும் மாறவில்லை.

கடைக்குத் திரும்பப் போகவில்லை. ஒரு கார்மெண்ட்ஸில் சேர்ந்து பட்டன் வைத்து, அதை வைத்தே மகளை வளர்த்தேன். இப்போதும் பழைய ஆட்கள் யாராவது மாத்திரையோடு வீட்டுக்கு வருவார்கள், அக்கா, இது எதுக்கு என்று. இருக்கிற எல்லாச் சீட்டையும், எல்லா பாட்டிலையும் ஒரு பையில் போட்டு டாக்டர்கிட்ட எடுத்துட்டுப் போங்க, ஒண்ணையும் மறைக்காதீங்க என்று சொல்லி அனுப்பிவிடுவேன். கர்வம் பிடித்துவிட்டது என்று சிலர் பேசிக்கொள்கிறார்களாம்.

மகள் அந்த நாளைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தை கேட்டதில்லை. சண்டையில்கூட அதை எடுத்ததில்லை. சமீபத்தில் தலைப்பிரசவத்துக்கு என் வீட்டுக்கு வந்திருந்தாள். குழந்தைக்கு டாக்டர் ஏதோ விட்டமின் சொட்டு மருந்து எழுதியிருந்தார். ஒருநாள் அவள் குளிக்கப் போயிருந்தபோது குழந்தை சிணுங்கியது. மருந்துக்கான நேரமும் ஆகியிருந்ததால் பாட்டிலைக் கையில் எடுத்தேன். ஈரத் தலையோடு ஓடிவந்தவள், அதை என் கையிலிருந்து வாங்கினாள். லேபிளைப் படித்தாள், சொட்டுகளை எண்ணித் தானே விட்டாள். அப்புறம் குழந்தையைத் தூக்கி என் மடியில் வைத்து, "நீ வச்சுக்கம்மா, நான் தலை துவட்டிட்டு வந்துர்றேன்," என்றாள். அவள் குரலில் கோபமே இல்லை. பெற்ற பிள்ளையை நம்பி என் மடியில் விடுகிறாள், மருந்து பாட்டிலை மட்டும் விடமாட்டாள். அவள் செய்ததுதான் சரி என்று எனக்குத் தெரியும், அப்படித் தெரிந்திருப்பதைத்தான் இன்றுவரை என்னால் தாங்க முடியவில்லை.