மரகதவல்லி டீச்சரின் 'மஸ்ட்'

"என்னத்தக் கண்டீய?" என்று கேட்காமல் எந்த வாக்கியத்தையும் மரகதவல்லி டீச்சர் ஏற்க மாட்டார். ராஜபாளையத்தில் எங்கள் டுட்டோரியலின் மாலை ஆங்கில வகுப்பில் அவர் 'மே', 'மைட்', 'மஸ்ட்' நடத்தினால், பக்கத்து அறையில் கணக்கு நடத்தும் எனக்கு இந்தக் கேள்வி கேட்டுக்கொண்டே இருக்கும்.

மில் கிளார்க் உக்கிரபாண்டி ஒருநாள், மேனேஜர் உள்ளேதான் இருக்க வேண்டும் என்று 'மஸ்ட்' போட்டார். வாசலில் ஸ்கூட்டர் நிற்கிறதாம்.

"ஸ்கூட்டர்தான நிக்குது? ஆளக் கண்டீயளா? மே-ன்னு போடுங்க."

இலக்கணப் புத்தகம் இவ்வளவு கறார் இல்லை, டீச்சர் கறார். வானம் இருட்டிக்கொண்டு நின்றாலும் "மழ வரலாம்" என்பார். ஸ்ரீவில்லிபுத்தூருக்குக் கடைசி டவுன் பஸ் போய்விட்டதா என்று கேட்டால் "போயிருக்கலாம்" என்றுதான் பதில். பையன்கள் முதுகுக்குப் பின்னால் 'மே டீச்சர்' என்கிறார்கள். அது அவருக்கும் தெரியும்.

நானும் சேர்ந்து சிரித்தவன்தான், அவர் வீட்டுக்காரர் கதையைக் கேட்கும்வரை. பேண்டேஜ் துணிக்கு ஆர்டர் பிடிக்க எண்பத்தாறில் வடக்கே ரயிலேறியவர் வேங்கடேசன். வழியில் ஏதோ ஸ்டேஷனில் பெட்டி மட்டும் கிடைத்தது. ஆளைப் பற்றித் தகவலே இல்லை. டீச்சர் இன்னும் நெற்றி நிறையக் குங்குமம் வைத்துக்கொள்கிறார். அதை ஊர் பார்க்கிற பார்வை எனக்குப் பிடிப்பதில்லை.

இந்தத் தை அமாவாசையன்று கேள்வித்தாள் வாங்க ஸ்ரீவில்லிபுத்தூரில் அவர் வீட்டுக்குப் போனேன். கூடத்தில் இறந்தவர்களுக்குப் படையல். மாமனார், மாமியார் படங்களுக்குப் பக்கத்தில் முதல்முறையாக வேங்கடேசன் படம். மாலை, சந்தனப் பொட்டு. வைத்தவர் வேங்கடேசனின் தம்பி ஸுந்தரராஜன். டீச்சர் அடுக்களையிலிருந்து வந்து பார்த்து அப்படியே நின்றுவிட்டார்.

"எம்புட்டு நாளைக்கி மதினி? இருந்தா வந்திருக்க மாட்டாவளா? செத்தவுகளுக்குச் செய்யாம விட்டா பாவம் நமக்குத்தான."

"இருக்காவன்னு நான் சொன்னனா தம்பி? இல்லன்னு சொல்ல நீங்க என்னத்தக் கண்டீய?"

குரல் உயரவே இல்லை.

மாலையைக் கழற்றி மாமனார் படத்துக்குப் போட்டார். கணவர் படத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்து, கண்ணாடியில் காய்ந்திருந்த சந்தனத்தை நகத்தால் சுரண்டினார். பொட்டு முழுக்கப் போய்விட்டது. நகம் மட்டும் அதே இடத்தைச் சுரண்டிக்கொண்டே இருந்தது.