கயிற்றுக் கடை அல்ல

குற்றாலத்தில் சீசன் செய்தி எடுக்கப் போன இடத்தில் பாசி பிடித்த படியில் வழுக்கி விழுந்து, வலது மணிக்கட்டை ஒடித்துக்கொண்டேன். எலும்பு கூடிவிட்டது என்று ஆஸ்பத்திரியில் கட்டைப் பிரித்தார்கள். விரல்கள் மடங்கவில்லை. பேனா பிடிக்க முடியாத நிருபரை எந்தப் பத்திரிகையும் நெடுநாள் வைத்துக்கொள்ளாது.

யுத்தம் முடிந்திருந்த சமயம். தென்காசியில் செங்கோட்டைச் சாலையோரம் இருந்த ஓர் ஓலைக் கொட்டகைக்குப் போகத் தொடங்கினேன். அதை நடத்தியவர் பட்டாளத்து ஆஸ்பத்திரியில் வார்டு ஊழியராக இருந்து திரும்பியவர். காயம்பட்ட சிப்பாய்களுக்கு அங்கே நெசவும் தச்சும் கொடுத்துக் கையை மீட்டதைப் பார்த்திருந்தார். இங்கே அவர் கொடுத்தது ஊறிய தேங்காய் நார். உள்ளங்கைகளுக்கு இடையில் உருட்டிக் கயிறு திரிக்க வேண்டும். வாசலில் ‘வேலையால் கைக்குச் சிகிச்சை’ என்று பலகை.

அந்தப் பலகைதான் சானிட்டரி இன்ஸ்பெக்டரை உள்ளே கொண்டுவந்தது.

“அண்ணாச்சி, நீங்க டாக்டரா?”

“இல்ல.”

“நர்ஸா?”

“என்னையப் பாத்தா நர்ஸ் மாதிரியா இருக்கு?”

“சட்டத்துல டாக்டர் உண்டு, நர்ஸ் உண்டு, மருத்துவச்சி உண்டு. நீங்க எதுலயும் இல்ல. பொறவு எப்படிச் சிகிச்சைன்னு போடுதீங்க?”

“என் வேலைக்குச் சட்டம் இன்னும் பேரு வைக்கல. அது என் குத்தமா?”

இன்ஸ்பெக்டர் மருந்தைத் தேடினார். மூலையில் இருந்த பானையைத் திறந்து குனிந்தார். என் பக்கத்தில் நார் உருட்டிக்கொண்டிருந்தவர் செங்கோட்டையில் மரம் அறுத்து விற்கும் மரவாடிக்காரர். ரம்பத்துக்கு இரண்டு விரல் கொடுத்தவர். “ஐயா, மோந்து பாத்துராதீங்க. நார் ஊறுத தண்ணி. ரெண்டு நாளைக்குச் சோறு எறங்காது” என்றார். எச்சரிக்கை பிந்திவிட்டது.

மூக்கைத் துடைத்துக்கொண்டு இன்ஸ்பெக்டர் வழி ஒன்று சொன்னார். கெட்ட மனிதர் அல்ல. “கயித்துக் கடைன்னு எழுதிப் போடுங்க. நான் இந்தப் பக்கமே எட்டிப் பாக்கல.”

“கயிறு நல்லா வந்துட்டுன்னா நான் ஆளை வீட்டுக்கு அனுப்பிருதேன். எந்தக் கயித்துக் கடைக்காரன் அப்படிச் செய்வான்?”

இன்ஸ்பெக்டர் வாசலுக்கு நடந்தார். பலகையைக் கழற்றிச் சைக்கிளின் பின்னால் கட்டினார். மறுபடி அதே வாசகம் தொங்கினால் கொட்டகைக்குப் பூட்டு, கொட்டகைக்காரர்மேல் வழக்கு என்று சொல்லிவிட்டுப் போனார்.

எனக்குக் கோபம் இன்ஸ்பெக்டர்மேல் வரவில்லை, ஒத்துப்போகாத கொட்டகைக்காரர்மேல் வந்தது. என் சுண்டுவிரலும் மோதிரவிரலும் அப்போதுதான் அசையத் தொடங்கியிருந்தன. “கயித்துக் கடைன்னே இருந்துட்டுப் போகட்டும். என் கை பாதியில நிக்கி” என்றேன்.

கொட்டகைக்காரர் என்னை ஏறிட்டுப் பார்த்தார். வெளியே போய்ப் கடைத்தெருவில் ஒரு பலகையும் கறுப்பு மையும் தூரிகையும் வாங்கி வந்தார். தூரிகையின் காம்பில் நாரைச் சுற்றித் தடிமனாக்கி என் வலது கையில் வைத்தார்.

“இப்போ உமக்கு நார் கிடையாது. இதுதான் வேலை. எழுதும்.”

“என்னன்னு?”

“எடுத்துட்டுப் போனாருல்லா, அதேதான்.”

பெரிய எழுத்தாக எழுதினேன். மை வழிந்தது. ‘சி’யின் சுழி நிற்காமல் சரிந்தது. மரவாடிக்காரர் எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு, “வே, பழைய போர்டைவிட இதுதான் நம்புத மாதிரி இருக்கு” என்றார்.

மை காய்வதற்கு முன்பே அதைப் பழைய ஆணியில் மாட்டினோம். நான் உள்ளே போய் நாரை எடுத்தேன்.